மண் வேண்டாத செடி: கொளத்தூர் மாடியில் டென்ட்ரோபியம் ஆர்க்கிட்

கல்யாண வரவேற்பு மேடையிலும் மாப்பிள்ளை காரின் முகப்பிலும் ஊதாவும் வெள்ளையுமாகச் செருகி வைத்திருப்பார்களே, அந்தப் பூவை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கோயம்பேடு பூச்சந்தையில் தெர்மாகோல் பெட்டியில் வந்து இறங்கும். டென்ட்ரோபியம் ஆர்க்கிட். அது சென்னை வெயிலில் வீட்டு மாடியிலேயே பூக்கும் என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. ஊட்டிச் செடி என்று நினைக்கிறார்கள். கொளத்தூரில் என் மாடியில் இப்போது 22 தொட்டி இருக்கிறது. அதில் ஏழு பூத்திருக்கிறது.

நான் பெரம்பூர் ரயில்வே பட்டறையில் 33 வருடம் ஃபிட்டராக இருந்தவன். செடிகொடி எல்லாம் என் மனைவியின் பக்கம். 2013-ல் மகள் என் பிறந்தநாளுக்கு ஒரு டென்ட்ரோபியம் வாங்கிக் கொடுத்தாள். ரோஜாவுக்கு வைப்பதுபோலச் செம்மண், மக்கிய சாணி எரு, கொஞ்சம் மணல் கலந்து நட்டு, தினமும் சாயங்காலம் தண்ணீர் ஊற்றினேன். ஒரு மாதத்தில் இலை மஞ்சளானது. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினேன். ஒருநாள் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் பழுப்பு. பிடித்து இழுத்ததும் மேல்தோல் உருவிக்கொண்டு வந்தது. உள்ளே நூல்போல ஒன்று மட்டும் மிச்சம். ரப்பர் உறை கழன்ற ஒயரைக் கையில் பிடித்த மாதிரி இருந்தது.

அந்த உறைதான் இந்தச் செடியின் உயிர். வெலமன் என்று பெயர். உயிரற்ற வெற்றுச் செல்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்த பஞ்சு. மழை பட்டதும் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பிறகு காற்றில் காய்ந்துவிடும். காய்ந்த வேர் சாம்பல் வெள்ளையாக இருக்கும். நனைந்தால் உறை ஊடுருவித் தெரிய, உள்ளே இருக்கும் பச்சை வெளியே வரும். நனைந்து, காய்ந்து, மறுபடி நனைவதற்காக அமைந்த வேர் இது. எப்போதும் ஈரத்திலேயே கிடந்தால் காற்று புக வழியில்லாமல் அழுகும். ஈர மண்ணில் நட்டால் நடப்பது அதுதான். ஆகவே இந்தச் செடியைப் பொறுத்தவரை நான் முதலில் பார்ப்பது வேரை. இலையும் பூவும் அதற்குப் பிறகுதான். கீழே நான் எழுதுவதெல்லாம் வேருக்குக் காற்று கொடுப்பது எப்படி என்பதைப் பற்றித்தான்.

"புல்லுருவி மாதிரி மரத்தை உறிஞ்சிக் குடிக்கிற செடியாங்க இது? வீட்டுல வைக்கலாமா?" என்று மனைவி அப்போது கேட்டாள். வைக்கலாம். புல்லுருவி மரத்தின் உடம்புக்குள் வேரை இறக்கி அதன் சாற்றைக் குடிக்கும். இது மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு நிற்பதோடு சரி. மழைநீர், பட்டை இடுக்கில் சேரும் சருகு, பறவை எச்சம், இவைதான் அதன் சாப்பாடு. டென்ட்ரோபியம் என்ற பெயருக்கே கிரேக்க மொழியில் மரத்தில் வாழ்வது என்றுதான் பொருள்.

நம் நர்சரிகளில் கிடைக்கும் கலப்பின ரகங்கள் பலவற்றின் மூதாதை ஆஸ்திரேலியாவின் வடகோடியில் வளரும் குக்டவுன் ஆர்க்கிட். 1959 முதல் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் மலர் அதுதான். அங்கே கோடையில் கொட்டும் மழை, பிறகு பல மாதம் வறட்சி. அதனால்தான் கரும்பு மாதிரித் தடித்த தண்டில் தண்ணீரையும் சத்தையும் சேமித்து வைத்துக்கொள்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குச் சென்னை வெயிலைப் பற்றிய பயம் போய்விட்டது. நாம் பயப்பட வேண்டியது ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு.

வாங்கும்போது

நிறையப் பூத்த செடியைத்தான் கை தேடும். நான் பூவைப் பார்ப்பதில்லை. மூன்று நான்கு தண்டாவது இருக்க வேண்டும். அடியில் ஒரு புதுக் குருத்து கிளம்பியிருக்க வேண்டும். வேர் நுனி பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ பளபளப்பாக இருக்க வேண்டும். தொட்டியைப் பிடித்து லேசாக அசைத்தால் செடி ஆடக்கூடாது. ஆடினால் வேர் இல்லை என்று பொருள். இலையின் அடிப்பக்கத்தையும் தண்டின் இடுக்கையும் விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளை மாவு ஒட்டினால் திருப்பி வைத்துவிடுங்கள்.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ சுற்றுலா போன இடத்தில் சிம்பிடியம் ஆர்க்கிட்டைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வருகிறார்கள். அந்தப் பெரும்பூ ரகங்களுக்குப் பூக்கக் குளிர்ந்த இரவு வேண்டும். சென்னையில் இலை மட்டும் வளரும். ஃபெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட்டை வளர்க்கலாம், ஆனால் அதற்குத் தண்டுச் சேமிப்பு கிடையாது, நேர்வெயிலும் ஆகாது. முதல் செடியாக வேண்டாம். வாண்டா ஆர்க்கிட் அழகுதான். வேரெல்லாம் அந்தரத்தில் தொங்குவதால் கோடையில் ஒருநாள் தண்ணீர் தவறினாலும் வாடும். வீட்டில் எந்நேரமும் ஆள் இருந்தால் வாங்குங்கள்.

ஆன்லைனில் ஆர்க்கிட் விதை என்று விற்பதை வாங்க வேண்டாம். ஆர்க்கிட் விதை தூசி. முளைப்பதற்கான உணவு அதற்குள் கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். பூஞ்சை இல்லாமல் சர்க்கரைக் கூழில் முளைக்க வைக்கலாம் என்று நட்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1922-ல் காட்டினார். அதுவும் கிருமி புகாத கண்ணாடிக் குடுவையில். மண்ணில் தூவி முளைக்காது. அதேபோல, மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டிலிருந்து மரத்தோடு பிய்த்து வந்து விற்கும் செடியையும் தொடாதீர்கள். காட்டு ஆர்க்கிட்டைப் பார்க்க ஆசை இருந்தால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

தொட்டியும் கரியும்

தாய்லாந்திலிருந்து வரும் செடிகள் பெரும்பாலும் தேங்காய் மட்டைக் கட்டிக்குள் இறுக்கி நட்டதாக வரும். நம் அடைமழையில் அந்த மட்டை பத்து நாள் ஆனாலும் காயாது. அதனால் பூ உதிர்ந்த பிறகு மாற்றி நடுவேன். பூத்திருக்கும்போது கைவைப்பதில்லை. சரியான நேரம் எது என்றால், புதுக் குருத்து இரண்டு அங்குலம் வளர்ந்து அதன் அடியில் வேர் மொட்டுகள் எட்டிப்பார்க்கும் நேரம். அப்போது நட்டால் புது வேர் நேராகப் புதுக் கரியைப் பிடித்துக்கொள்ளும். நீண்டுவிட்ட வேரை வைத்துக்கொண்டு நட்டால் நுனி ஒடியும். நுனி ஒடிந்த வேர் வளர்ச்சியை நிறுத்திவிடும்.

தொட்டி சின்னதாக இருக்கட்டும். என்னுடையதெல்லாம் 5 அங்குல மண் தொட்டி. அடியில் இருக்கும் ஒற்றை ஓட்டை போதாது. தொட்டியை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் ஈரத்தோடு, கல் துளைக்கும் 10 மி.மீ. பிட் போட்டு, டிரில்லைச் சுத்தியல் முறையில் வைக்காமல் மெதுவாக ஓட்டிப் பக்கவாட்டில் எட்டு ஓட்டை போடுவேன். உலர்ந்த தொட்டியில் போட்டால் விரியும். பிட் மறுபக்கம் வெளிவரும் நேரத்தில் அழுத்தக்கூடாது. அங்கேதான் சில்லு பெயரும். டிரில் இல்லாதவர்கள் பக்கத்தில் ஓட்டை வைத்த ஆர்க்கிட் தொட்டியே வாங்கலாம். எனக்கு இந்த வேலையில் ஒரு நிறைவு. பட்டறையில் பெட்டிக்குக் காற்றுவழி அமைப்பதும் தொட்டிக்குக் காற்றுவழி அமைப்பதும் எனக்கு ஒரே மாதிரித்தான் தெரிகிறது.

உள்ளே போட வேண்டியது அடுப்புக்கரியும் ஓட்டுச்சில்லும். கரி நெல்லிக்காய் அளவில் உடைத்து, தூசி போகக் கழுவிக் காயவைத்தது. அடுப்பு பற்ற வைக்க அச்சில் அழுத்திச் செய்த கரிக்கட்டி வேண்டாம், அதில் பசை இருக்கும். பழைய நாட்டு ஓடு கிடைத்தால் விடாதீர்கள். எங்கள் தெருவில் ஓட்டு வீடு இடித்தபோது ஒரு சாக்கு நிறையச் சேர்த்து வைத்தேன். தொட்டியின் கீழ் மூன்றில் ஒரு பங்கு ஓட்டுச்சில்லு, அதற்கு மேல் கரி. மேற்பரப்பில் மட்டும் இரண்டு மூன்று துண்டு தேங்காய் மட்டை. மட்டையை ஒரு வாரம் ஊறப்போட்டு, டீத்தண்ணி நிறம் வருவது நிற்கும்வரை தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். அதில் இருக்கும் உப்பும் துவர்ப்பும் வேரைச் சுடும்.

நடும்போது பழைய தண்டுகள் தொட்டியின் சுவரை ஒட்டியும், புதுக் குருத்து வெற்றிடத்தைப் பார்த்தும் இருக்க வேண்டும். செடி ஒவ்வொரு தண்டாக முன்னால் நடந்து போகிறது. அதற்கு வழி விட வேண்டும். தண்டின் அடிக்கட்டை கரிக்கு மேலே உட்கார வேண்டும், புதையக்கூடாது. புதைத்தால் குருத்து அழுகும். ஆனால் புதைக்காமல் வைத்தால் செடி நிற்காது, ஆடும். அதற்குத் தொட்டி விளிம்பில் கொக்கிபோல மாட்டிய ஜி.ஐ. கம்பியோடு பழைய துணிப்பட்டையால் தண்டைக் கட்டிவிடுவேன். நட்ட பிறகு நான்கு நாள் தண்ணீர் ஊற்ற மாட்டேன், காலையில் இலைமேல் லேசாகத் தெளிப்பதோடு சரி. வெட்டுப்பட்ட வேர் ஆற வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றி நட்டால் போதும்.

எங்கே வைப்பது

கிழக்கு பார்த்த பால்கனி இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். மாடியில் என்றால் 50 சதவீதப் பச்சை வலைக்குக் கீழே. கத்திரி வெயில் நாட்களில் மட்டும் காலை 11 மணி முதல் 3 மணி வரை இன்னொரு வலையை இழுத்து விடுவேன். வெளிச்சம் சரியா என்று இலையே சொல்லும். இளம் மாம்பிஞ்சுப் பச்சை என்றால் சரி. கரும்பச்சையாகச் செழிப்பாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை. அந்தச் செடி பூக்காது. நடுப்பகலில் இலையைத் தொட்டால் கையைவிடச் சூடாக இருந்தால் வெயில் அதிகம்.

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்தபோது செடிகளையெல்லாம் ஹாலில் கொண்டுவந்து வைத்துக் காப்பாற்றிவிட்டேன். வலை பறந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தூங்குமூஞ்சி மரமும் வேரோடு சாய்ந்தது. டிசம்பர் வெயில்தானே என்று மறுநாள் எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே வைத்தேன். நான்கே நாளில் பதினோரு செடியின் இலைகளில் வைக்கோல் நிறத்தில் கருகல், ஓரத்தில் கறுப்பு வளையம். அந்த மரம் எவ்வளவு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது என்பது அது விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கருகிய இடம் திரும்பப் பச்சையாகாது. ஆனால் மிச்ச இலை வேலை செய்யும், வெட்ட வேண்டாம். அதன் பிறகு எந்தச் செடியையும் வெளிச்சம் கூடிய இடத்துக்கு மாற்றினால் ஒரு வாரம் ஒரு படி என்றுதான் மாற்றுகிறேன்.

தண்ணீர்

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் ஊற்றுங்கள். பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். என் மாடியில் சித்திரை, வைகாசியில் தினமும் காலை ஒரு வேளை. அனல்காற்று அடிக்கும் நாளில் மாலை 4 மணிக்குள் இன்னொரு வேளை. தை, மாசியில் மூன்று நாளுக்கு ஒருமுறை. மழை பெய்யும் நாளில் கிடையாது. கரியில் நட்ட செடிக்குத்தான் இந்தக் கணக்கு; மட்டையில் இருக்கும் செடிக்கு இதில் பாதி.

ஊற்றுவதிலும் ஒரு முறை இருக்கிறது. முதல் தடவை ஊற்றும்போது காய்ந்த கரியும் வேரும் முழுசாகப் பிடிக்காது, தண்ணீர் ஓடிவிடும். எல்லாத் தொட்டிக்கும் ஒரு சுற்று ஊற்றிவிட்டு, பத்து நிமிடம் கழித்து இரண்டாவது சுற்று. அப்போதுதான் வேர் முழுக்கப் பச்சையாவதைப் பார்க்கலாம். இருட்டுவதற்குள் குருத்தின் மடிப்பில் தண்ணீர் இல்லாமல் காய்ந்துவிட வேண்டும். ராத்திரி முழுக்க அங்கே தண்ணீர் தங்கினால் குருத்து கறுத்துக் கையோடு வந்துவிடும்.

அடுத்தது தண்ணீரின் தரம். கொளத்தூரில் வண்ணமீன் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே மீன் வளர்ப்பவர்கள் வைத்திருக்கும், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கினேன். எங்கள் போர் தண்ணீர் 1,100 காட்டியது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்துக்கொண்டிருந்ததும் வேர் நுனி கறுத்ததும் எதனால் என்று அன்று புரிந்தது. மெட்ரோ வாட்டர் 350 சுமார். அதையே தினசரிக்கு வைத்துக்கொண்டேன். மழைநீரை 500 லிட்டர் டேங்கில் பிடித்து, கொசு புகாமல் வலை கட்டி, உரம் கரைக்கவும் தொட்டியை அலசி விடவும் மட்டும் பயன்படுத்துகிறேன். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் குழாய் ஏற்கெனவே எல்லா வீட்டிலும் இருக்கும். அதில் ஒரு டி இணைப்பு போட்டால் போதும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். உப்பெல்லாம் சேர்ந்து நிற்பது அதில்தான்.

உரம், பூ, தொல்லைகள்

தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக இருக்கும் 19:19:19 என்ற நீரில் கரையும் உரம் எந்த உரக்கடையிலும் கிடைக்கும். 10 லிட்டர் வாளிக்கு ஒரு டீஸ்பூன், வாரம் ஒருமுறை, வேரை முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துவிட்டு. அதற்கு மேல் வேண்டாம். பறவை எச்சத்திலும் சருகிலும் வாழ்ந்த செடி இது. மாதத்தில் ஒரு வாரம் உரம் நிறுத்தி, மழைநீரால் நன்றாக அலசிவிடுவேன். தண்டு முழு உயரம் வளர்ந்து புது இலை விடுவதை நிறுத்தியதும் மணிச்சத்து கூடிய 13:40:13 மாற்றிக் கொடுப்பேன். அரிசி கழுவிய தண்ணீர், மோர், வாழைப்பழத் தோல் ஊறல் எல்லாம் மண்ணில் இருக்கும் செடிக்கு. கரித் தொட்டியில் அவை புளித்து எறும்பையும் பூஞ்சையையும்தான் கூட்டிவரும்.

பூக்காம்பு தண்டின் நுனிப் பக்கத்திலிருந்து கிளம்பும். கிளம்பிய பிறகு தொட்டியைத் திருப்பாதீர்கள். வெளிச்சத்தைத் தேடிக் காம்பு முறுக்கிக்கொள்ளும், மொட்டும் உதிரலாம். விரிந்த பூ ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும். உதிர்ந்த பின் காம்பை மட்டும் வெட்டுங்கள். இலை கொட்டிய பழைய தண்டை வெட்டச் சொல்வார்கள். வெட்டாதீர்கள். பச்சையாக இருக்கும்வரை அது சேமிப்புக் கிடங்கு, அதிலேயே மறுபடி பூவும் வரும். சுருங்கிப் பழுப்பானால் மட்டும் எடுக்கலாம். வெட்டும் பிளேடை ஒவ்வொரு செடிக்கும் தீயில் காட்டுங்கள். ஆர்க்கிட்டுக்கு வரும் வைரஸ் கத்தியில்தான் செடிக்குச் செடி தாவுகிறது. வந்தால் மருந்து கிடையாது. தண்டில் வெட்டுப்பட்ட இடத்தில் சமையலுக்கு வைத்திருக்கும் லவங்கப்பட்டைத் தூள் வைக்கலாம். வேரில் வைத்தால் வேரைக் காயவைத்துவிடும்.

மாவுப்பூச்சிக்கு சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு, வாரம் ஒருமுறை, மூன்று வாரம் விடாமல். எறும்பு ஏறினால் மாவுப்பூச்சி பின்னாலேயே வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ராத்திரி 9 மணிக்கு டார்ச்சோடு போய்ப் பாருங்கள். நத்தை ஒரே ராத்திரியில் அத்தனை வேர் நுனியையும் மேய்ந்துவிடும். மருந்து வைப்பதைவிடக் கையால் பொறுக்குவது எனக்கு எளிதாக இருக்கிறது.

சில சமயம் தண்டின் உச்சியில் பூவுக்குப் பதில் ஒரு குட்டிச் செடி முளைக்கும். கெய்கி என்பார்கள், ஹவாய் மொழியில் குழந்தை. நிறையக் குட்டி வந்தால் கீழே வேர் கெட்டிருக்கிறதா என்று பாருங்கள், தாய்ச்செடி தப்பிக்க வழி தேடுகிறது. ஒன்றிரண்டு என்றால் சந்தோஷம். அதன் வேர் இரண்டு அங்குலம் வளரும்வரை பொறுத்திருந்து, தாய்த்தண்டின் ஒரு சிறு துண்டோடு வெட்டி, குட்டித் தொட்டியில் கரிமேல் கட்டி வையுங்கள். பூக்க இரண்டு வருடம் ஆகலாம்.

போன ஆடியில் கீழ்வீட்டுப் பையன் கேட்டான், "தாத்தா, எனக்கும் ஒண்ணு குடுங்களேன்." கல்லூரி முதல் வருடம் படிக்கிறான். மூன்று வேர் விட்ட வெள்ளைப்பூக் குட்டி ஒன்றைக் கரித்தொட்டியோடு கொடுத்தேன். வேர் வெளுத்தால் ஊற்று, பச்சையாக இருந்தால் தொடாதே என்று சொன்னதை அவன் சரியாகச் செய்கிறான். இப்போது ஒரு புதுக் குருத்து வந்திருக்கிறது. இலை மட்டும் கரும்பச்சையாக இருக்கிறதே என்று நேற்றுப் போய்ப் பார்த்தேன். வடக்கு பார்த்த ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கிறான். படிக்கட்டுப் பக்கம் காலை வெயில் வரும். முதல் வாரம் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு மணி நேரம் என்று மாற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.